பழைய படமும் பவர் பாங்கும்: எதில் அடிப்பது, எப்படித் திருத்துவது

பழைய குடும்பப் படம் ஒன்றைத் திருத்தி, பவர் பாங்கில் அடித்துப் பரிசாகக் கொடுக்கலாம் என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் சொன்னதும் எல்லோரும் உடனே சரி என்றார்கள். பிறகுதான் கேள்விகள் தொடங்கின. எந்தப் படம்? யார் திருத்துவது? ஸ்டிக்கரா, நேரே அச்சா? லண்டனில் இருக்கிற மச்சானுக்கு எப்படி அனுப்புவது? கடைசியில் ஓர் அண்ணா கேட்டார்: “பற்றரி பழுதானால் அம்மாவின்ர படத்தை என்ன செய்யிறது, குப்பையில போடுறதோ?” அதற்கு ஒருவரிடமும் பதில் இல்லை. கிளிநொச்சியில் இருக்கிறவன் நான்தான் என்பதால் விசாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. இதே யோசனையில் இருக்கிற வேறு குடும்பங்களுக்கும் உதவட்டும் என்று விசாரித்ததை எழுதுகிறேன்.

முதலில், பவர் பாங்க் தேவைதானா என்ற கேள்வி. வன்னியில் இருப்பவர்களிடம் அதைக் கேட்கத் தேவையில்லை. 2022 மார்ச் 31ஆம் திகதி நாடு முழுக்க 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதில் முழுத் தீவும் இருண்டது. மாரி வெள்ளம் தனிக்கதை: 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்தபோது கிளிநொச்சியும் முல்லைத்தீவும் பட்ட பாடு ஞாபகம் இருக்கும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலும் வந்துபோனது. அப்படியான நாளில் சார்ஜ் உள்ள ஒரு போன் வீட்டுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று சொல்லவேண்டியதில்லை. வெள்ளம் இல்லாத நாளிலும் வேலை உண்டு. முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்குப் போனால் இரவு முழுக்க அங்கேதான். கடல்நீரில் விளக்கெரிவது அம்மனின் அற்புதம்; எங்கள் போனுக்கு அந்த வசதி கிடையாது.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் டோர்ச் பற்றரிகூட வன்னிக்குள் வர விடவில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் பவர் பாங்கைக் கொடுத்துப் பாருங்கள், அதை எவ்வளவு கவனமாக வைத்திருப்பார்கள் என்று தெரியும். ஆகவே பொருள் பயன்படும், பயன்படாமல் அலுமாரியில் கிடக்காது. சிக்கலும் அங்கேதான். தினமும் கையில் எடுக்கிற, பையில் போடுகிற, பஸ் சீட்டில் எறிகிற பொருளில் படம் ஒன்று எத்தனை காலம் தாங்கும்?

படத்தைத்தான் முதலில் தெரிவு செய்ய வேண்டும்

கடைக்குப் போனால் முதலில் பவர் பாங்கைத்தான் காட்டுவார்கள். அதைக் கடைசிக்கு விடுங்கள். பரிசு நன்றாக வருமா வராதா என்பதை முக்கால்வாசி தீர்மானிப்பது படம்தான்.

எங்கள் பக்கத்து வீடுகளில் பழைய படம் என்றால் மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். போரில் ஊரூராக இடம்பெயர்ந்தபோது ஆல்பத்தையும் தூக்கிக்கொண்டு போனவர்கள் பலர். 2009இல் அது எங்கே கைவிடப்பட்டது என்று இன்று சொல்லத் தெரியாதவர்களும் பலர். இருப்பது பெரும்பாலும் மூன்று வகை. ஒன்று, அடையாள அட்டையில் ஒட்டிய கறுப்பு வெள்ளைப் படம். 1972இல் அடையாள அட்டை வந்ததிலிருந்து பல பேருக்கு வாழ்க்கையில் எடுத்த ஒரே படம் அதுதான். இரண்டாவது, யாழ்ப்பாணத்திலோ வெளிநாட்டிலோ இருந்த சொந்தக்காரருக்குத் தபாலில் அனுப்பியதால் தப்பிய படம். மூன்றாவது, பொலித்தீனில் சுற்றி மடியிலேயே வைத்துக் காப்பாற்றிய ஒன்றிரண்டு. இந்த மூன்றாவது வகையில்தான் ஈரம் பட்ட கறையும் மடிப்பும் அதிகம்.

எங்கள் குடும்பத்துக்கு வாய்த்தது இரண்டாவது வகை. எழுபதுகளின் நடுவில் விசுவமடுவில் எடுத்தது. 1970க்கும் 1977க்கும் இடையில் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வருவதைக் கட்டுப்படுத்தியிருந்த காலத்தில் எங்கள் பகுதித் தோட்டக்காரருக்கு நல்ல விலை கிடைத்தது. விசுவமடு, முத்தையன்கட்டு இளைஞர் குடியேற்றத் திட்டங்களில் காணி எடுத்த பொடியள் பலர் தலையெடுத்தது அப்போதுதான். பெரியப்பா மிளகாய்க் காசில் மசி பெர்குசன் உழவு இயந்திரம் வாங்கியிருக்கிறார். அதன் மட்கார்ட்டில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு அவர் நிற்கிறார். பெரியம்மா அரை அடி தள்ளி, சேலைத் தலைப்பைக் கையில் பிடித்தபடி. படம் அஞ்சலட்டையளவு. நடுவில் ஒரு மடிப்பு, அது பெரியப்பாவின் நெற்றியால் போகிறது. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருக்கிறது.

இது பவர் பாங்குக்குப் பொருந்துமா? கதையாகப் பார்த்தால் மிக நன்றாகப் பொருந்தும். அளவாகப் பார்த்தால் சிக்கல். படம் படுக்கை வாட்டம், பவர் பாங்க் நெடுக்கு வாட்டம். உழவு இயந்திரம் முழுதாகத் தெரியவேண்டுமென்றால் பவர் பாங்கைப் படுக்க வைத்துப் பார்க்கவேண்டும்; நெடுக்காக வெட்டினால் இயந்திரத்தின் பின் சில்லும் இரண்டு பேரும் மட்டும் வரும். எனக்குப் படுக்க வைப்பதுதான் சரியாகப் பட்டது. பெரியம்மாவிடம் கேட்டிருந்தால் மெசினை வெட்ட விட்டிருக்கமாட்டார்.

இப்படி அளவு பார்ப்பது எல்லாப் படத்துக்கும் அவசியம். சாதாரண 10,000 எம்ஏஎச் (மில்லி அம்பியர் மணி, பற்றரியின் கொள்ளளவு) பவர் பாங்கின் முகப்பு ஏறக்குறைய 7 சென்ரிமீற்றர் அகலம், 14 சென்ரிமீற்றர் நீளம். விளிம்பை விட்டால் 6க்கு 12தான் மிச்சம். கலியாண வீட்டுக் குழுப்படத்தில் இருபது பேர் நின்றால் ஒவ்வொரு முகமும் அரிசியளவுதான் வரும், யார் யாரென்று தெரியாது. ஒருவர், இருவர், மிஞ்சினால் நால்வர். அதற்குமேல் இருந்தால் பவர் பாங்கை மறந்துவிட்டு சுவரில் மாட்டும் பிரேமைப் பற்றி யோசியுங்கள்.

இறந்தவர்களின் படம் பற்றியும் சொல்லவேண்டும். அந்தியேட்டிக் கல்வெட்டில் (31ஆம் நாள் சடங்கில் கொடுக்கிற நினைவுப் புத்தகத்தில்) போடுகிற, மாலை போட்டு விளக்கு வைக்கிற அந்த நேர்முகப் படத்தைப் பவர் பாங்கில் அடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அது தரையில் கிடக்கும், காலில் படும், பின்பக்கச் சட்டைப்பையில் வைத்து அதன்மேல் இருப்பார்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் நிச்சயம் மனவருத்தப்படுவார்கள். அதே ஆள் சைக்கிள் மிதிக்கிற, கடையில் நிற்கிற, சிரிக்கிற படம் என்றால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஏன் இந்த வேறுபாடு என்று கேட்டால் விளக்கம் சொல்ல வராது, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

திருத்துவது: ஆப்பா, ஸ்டூடியோவா, தெரிந்த பிள்ளையா

யார் திருத்தினாலும் முதல் வேலை ஸ்கான். போனால் படமெடுத்து அனுப்பிவிட்டு “இதைத் திருத்துங்கோ” என்பதுதான் வழக்கம். மின்குமிழ் வெளிச்சம் பட்டு மினுங்கும், ஓரம் சரிந்து வரும், பாதி விவரம் அங்கேயே போய்விடும். போட்டோக்கொப்பி எடுக்கிற கொமினிகேஷன் கடை பலதில் ஸ்கானர் இருக்கிறது. 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கான் எடுத்துத் தரச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பச் சொல்லாமல் பென் டிரைவில் வாங்குங்கள், அல்லது டொக்கியுமென்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும்.

கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை மட்டும் உரிக்கப் போகாதீர்கள். படத்தின் மேற்பூச்சு ஜெலற்றின். ஈரத்தில் இளகிக் கண்ணாடியில் ஒட்டிக் காய்ந்திருக்கும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியைத் துடைத்துவிட்டு அதோடு சேர்த்தே ஸ்கான் எடுப்பதுதான் வழி. அடையாள அட்டையையும் வெட்டவேண்டாம், லமினேட்டுக்கு மேலால் எடுத்தாலே போதும். மேற்பரப்பில் சிறுசிறு மேடு பள்ளம் உள்ள தாளில் அடித்த எழுபது எண்பதுகளின் படங்கள் ஸ்கானில் முழுக்க வெள்ளைப் புள்ளியாக வரும். அதை ஒருமுறை நேராகவும் ஒருமுறை தலைகீழாகவும் வைத்து இரண்டு ஸ்கான் எடுத்துக் கொடுத்தால் திருத்துகிறவர் இரண்டையும் கலந்து புள்ளியைக் குறைக்கலாம்.

இனி ஆப். செயற்கை நுண்ணறிவால் முகத்தைத் தெளிவாக்குகிற ஆப்கள் போனில் இலவசமாகவே கிடக்கின்றன. ரெமினி எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், முதல் பார்வைக்கு வாயைப் பிளக்க வைக்கும். அந்த உழவு இயந்திரப் படத்தை இப்படியான ஆப் ஒன்றில் போட்டுப் பார்த்தேன். பெரியப்பாவின் நெற்றியில் போன மடிப்பு இல்லை. அந்த மடிப்போடு அவருடைய திருநீற்றுக் குறியும் இல்லை. இயந்திரத்துக்கு இரண்டும் ஒரே மாதிரி வெள்ளைக் கோடுதான். பெரியம்மாவின் மூக்குத்தியைத் தூசியென்று எண்ணித் துடைத்துவிட்டது. உழவு இயந்திரத்தின் நம்பர் பிளேட்டில் அந்தக் காலத்துச் சிங்கள ஸ்ரீ எழுத்து இருக்கும் அல்லவா, அதை எந்த மொழியிலும் இல்லாத ஒரு நெளிவாக்கி வைத்திருந்தது. முகம் இரண்டும் மிக வடிவு. ஆனால் அவர்கள் இல்லை. எங்கேயோ பார்த்த நடிகர் நடிகை போல யாரோ இருவர்.

காரணம் எளிது. மங்கிப்போன முகத்தில் இல்லாத விவரத்தை இந்த ஆப்கள் கண்டெடுப்பதில்லை. இலட்சக்கணக்கான வேறு முகங்களைப் பார்த்துப் பழகியதிலிருந்து பொருத்தமாக ஒன்றை வரைந்து வைக்கின்றன. மூல முகம் எவ்வளவு மங்கலோ அவ்வளவுக்கு வரைவதும் அதிகம். அடையாள அட்டைப் படம்போலச் சின்னப் படத்தில்தான் இந்த ஆபத்து மிக அதிகம், ஆனால் அங்கேதான் எல்லோரும் ஆப்பைத் தேடுகிறார்கள்.

இந்த இடத்தில் பவர் பாங்கின் சிறிய அளவு எங்களுக்குச் சாதகம். 6க்கு 12 சென்ரிமீற்றரில் 300 டிபிஐ அச்சுக்குத் தேவை வெறும் 709க்கு 1,417 பிக்சல். அஞ்சலட்டையளவுப் படத்தை 600 டிபிஐயில் ஸ்கான் எடுத்தாலே 2,100க்கு 3,300 அளவில் கிடைத்துவிடும். அடையாள அட்டையின் குட்டிப் படம்கூட 600 டிபிஐயில் 800க்கு 1,000 பிக்சல் தேறும். அதாவது முகத்தைப் பெருப்பிக்க, கூர்மையாக்க ஆப்பே தேவையில்லை. இருக்கிற மங்கல் அந்த அளவில் கண்ணுக்குத் தெரியாது. மடிப்பு, கறை, பூச்சி அரித்த ஓரம், இந்த மூன்றையும் எடுத்தால் போதும். அதை ஃபோட்டோஷொப்பில் கையால் செய்வதுதான் நல்லது: பக்கத்து இடத்தின் நிறத்தை எடுத்துக் கீறலின் மேல் பூசுகிற வேலை. ஸ்டூடியோவில் கணினியில் இருக்கிற தம்பிமாருக்குக் கைவந்த கலை.

ஸ்டூடியோவில் கொடுக்கும்போது ஒன்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்: முகத்தை வெள்ளையாக்க வேண்டாம், தோலை வழவழவென்று ஆக்க வேண்டாம், பின்னால் வேறு காட்சி போட வேண்டாம். கேட்காவிட்டாலும் செய்து தருவார்கள், கலியாண ஆல்பத்தில் பழகிய கை. திருத்திய கோப்பைப் போனில் வாங்கி, அந்த ஆளை நேரில் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுத்தான் அச்சுக்குப் போகவேண்டும். பெரியம்மாவிடம் காட்ட முடியாது, பரிசே அவருக்கு. அதனால் அவருடைய தங்கச்சியிடம் காட்டினோம். “மூக்குத்தி வலப்பக்கம்” என்றார் முதலில். ஸ்டூடியோத் தம்பி நெகட்டிவ் மாறிவிட்டதோ என்று பயந்து படத்தைப் புரட்டியிருக்கிறார். நம்பர் பிளேட்டைப் பார்த்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும்.

வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரப் பிள்ளை ஒன்று வடிவமைப்புப் படித்திருந்தால் அது மூன்றாவது வழி. செலவில்லை, ஆசையாகச் செய்வார்கள். ஆனால் “இந்த வார இறுதியில் செய்து தாறன் மாமா” என்பது எந்த வார இறுதி என்று தெரியாது. தவணை நெருங்கினால் ஸ்டூடியோதான்.

நிறம் கொடுப்பது பற்றி: எனக்கு விருப்பமில்லை. கறுப்பு வெள்ளை கறுப்பு வெள்ளையாகவே இருக்கட்டும். கட்டாயம் வேண்டுமென்றால், மசி பெர்குசன் சிவப்பு என்று தெரியும், சேலை நிறம் யாருக்கும் தெரியாது. ஆப் தன் பாட்டுக்கு ஊதாவோ நீலமோ பூசும். அந்தச் சேலையைக் கட்டியவர் உயிரோடு இருக்கும்போது ஓர் இயந்திரத்தின் ஊகத்தை ஏன் அச்சடிக்கவேண்டும்? எண்பதுகளின் நிறப்படங்கள் சிவந்துபோய்க் கிடக்கும், அவை வேறு. அவற்றில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளிறிப் போவதால்தான் அந்தச் சிவப்பு. அதைச் சமப்படுத்துவது நியாயமான திருத்தம், தயங்காமல் செய்யலாம்.

படத்தைப் பவர் பாங்கில் ஏற்றுவது

நான் விசாரித்ததில் நான்கு வழி. அதில் ஒன்றை உடனே தள்ளிவிடலாம். மக்கில் படம் அடிக்கிற சூட்டு அச்சு முறையைப் பவர் பாங்கில் நேரே செய்யவே கூடாது. அதற்கு 180 பாகைக்கு மேல் சூடு வேண்டும். லித்தியம் பற்றரியை அந்தச் சூட்டில் வைப்பது வெடிமருந்தை அடுப்பில் வைப்பதுதான். மெல்லிய அலுமினியத் தகட்டில் தனியாக அடித்து, பிறகு அந்தத் தகட்டை ஒட்டித் தருவதாகச் சொன்னால் சரி. ஆனால் வயர் இல்லாமல் சார்ஜ் ஏற்றுகிற காந்த வகைப் பவர் பாங்குக்குத் தகடு வேண்டாம். காந்தப்புலத்தில் உலோகம் சூடேறும்.

இரண்டாவது, யூவி அச்சு. மை நேரே பவர் பாங்கின் மேல் விழுந்து, புற ஊதா வெளிச்சத்தில் அந்த இடத்திலேயே காய்ந்துவிடும். சூடு பெரிதாக இல்லை. பார்வைக்கு இதுதான் முதலிடம்: ஓரம் தெரியாது, பொருளோடு பிறந்ததுபோல இருக்கும். கறுப்புப் பவர் பாங்க் என்றால் முதலில் வெள்ளை மை ஒரு படை அடித்துவிட்டு அதன்மேல் படத்தை அடிக்கச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் முகம் இருண்டுபோகும். இதற்கான இயந்திரம் உங்கள் ஊரில் இல்லாவிட்டால் வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ விசாரிக்கவேண்டி வரும், ஓரிரண்டுக்காக அவர்கள் இயந்திரத்தைப் போடுவார்களா என்பதும் கேள்வி. தொட்டால் றப்பர் மாதிரி மெத்தென்று இருக்கிற பவர் பாங்கை இதற்கு வாங்கவேண்டாம். மை அதில் நன்றாகப் பிடிக்காது. அந்தப் பூச்சே எங்கள் வெக்கையிலும் ஈரப்பதத்திலும் கொஞ்சக் காலத்தில் பிசுபிசுக்கத் தொடங்கிவிடும்.

மூன்றாவது, லேசரால் செதுக்குவது. அலுமினியப் பவர் பாங்கில் எழுத்தோ கோட்டோவியமோ மிக நேர்த்தியாக வரும், அழியவே அழியாது. முகத்துக்கு ஒத்துவராது. சாம்பலின் பல படிநிலைகள் எல்லாம் இரண்டு மூன்றாகக் குறைந்து, மாநிற முகங்கள் தட்டையாகிவிடும். பெயரும் திகதியும் போடுவதென்றால் நல்லது.

நான்காவது, ஸ்டிக்கர். வைனல் தாளில் அச்சடித்து, மேலே மினுக்கமில்லாத லமினேட் போட்டு ஒட்டுவது. மலிவு. எந்த ஊரிலும் செய்யலாம், வாகனத்துக்கு ஸ்டிக்கர் வெட்டுகிற கடைகளிலும் செய்வார்கள். இளக்காரமாகப் பார்க்கிறவர்கள் உண்டு, “ஸ்டிக்கர் தானே” என்று. எனக்கு இதுதான் முதல் தெரிவு. ஏன் என்றால், பழுதான பவர் பாங்கிலிருந்து கழற்றலாம், புதியதில் இன்னொன்று ஒட்டலாம். அண்ணாவின் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை. ஒழுங்காகச் செய்வதற்கு இரண்டு நுட்பம் உண்டு. மூலைகளை வட்டமாக வெட்டவேண்டும், விளிம்பிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீற்றர் உள்ளே நிறுத்தவேண்டும்; அப்போதுதான் கை வியர்வையில் ஓரம் கிளம்பாது. ஒட்டுமுன் முகப்பை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடவேண்டும், புதுப் பொருளிலும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும்.

எந்த வழியானாலும் பின்பக்கத்தை மூடாதீர்கள். மாடல் எண், கொள்ளளவு, வாட் மணி (பற்றரி தேக்குகிற ஆற்றலின் அளவு) எல்லாம் அங்கேதான் பொடி எழுத்தில் இருக்கும். அழகாக இருக்கும் என்று இரண்டு பக்கமும் படம் ஒட்டக் கேட்டால் கடைக்காரர் மறுக்கமாட்டார். ஆனால் 2025 ஜூனில் ஆங்கர் நிறுவனம் 10,000 எம்ஏஎச் மாடல் ஒன்றைத் தீப்பிடிக்கும் ஆபத்துக்காக அமெரிக்காவில் மட்டும் 11 இலட்சத்துக்கு மேல் திருப்பி அழைத்தது. பேர்போன நிறுவனத்துக்கே இது நடக்கும். உங்கள் கையில் இருப்பது அந்த மாடலா என்று பார்க்க அந்தப் பொடி எழுத்துத்தான் ஒரே வழி.

பவர் பாங்கும் விமானமும்

வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு என்றால் இந்தப் பகுதி முக்கியம். தனி லித்தியம் அயன் பற்றரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரலில் இருந்து தடை. பவர் பாங்கும் அந்தக் கணக்கில்தான் வரும். ஆகவே சாதாரண பார்சலில் போட்டு லண்டனுக்கு அனுப்பிவிடலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். வந்தவர்கள் கையோடு கொண்டுபோகவேண்டும், அதுவும் கைப்பையில். பெட்டிக்குள் போட்டு ஏற்றக்கூடாது.

கணக்கு இது: எம்ஏஎச் எண்ணை 3.7ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட் மணி. 10,000 என்றால் 37 வாட் மணி, 20,000 என்றால் 74. 100 வாட் மணி வரை தனி அனுமதி தேவையில்லை. 100க்கும் 160க்கும் இடையில் விமான நிறுவனத்தின் சம்மதம் வேண்டும். அதற்குமேல் ஏற்றவே மாட்டார்கள். 2025 ஜனவரியில் தென்கொரியாவில் ஒரு விமானம் புறப்படுமுன் தரையிலேயே எரிந்து, பவர் பாங்கின் மேல் சந்தேகம் விழுந்த பிறகு விதிகள் இறுகிவிட்டன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் முதல் பறக்கும்போது பவர் பாங்கைப் பயன்படுத்த விடுவதில்லை. டுபாயால் போகிறவர்கள் கவனிக்கவேண்டியது: எமிரேட்ஸ் 2025 ஒக்டோபர் 1 முதல் ஆளுக்கு ஒரு பவர் பாங்க்தான், அதில் கொள்ளளவு எழுதியிருக்கவும் வேண்டும் என்கிறது. ஸ்டிக்கர் அந்த எழுத்தை மறைத்திருந்தால், பெரியப்பாவின் படத்தைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் விட்டுவிட்டுப் போகவேண்டி வரலாம்.

உள்ளூர்ப் பாவனைக்கு 10,000 போதும், 20,000 பாரம். 10,000 என்று போட்டிருந்தாலும் போனுக்குள் அவ்வளவும் போகாது. உள்ளே 3.7 வோல்ட், வெளியே 5 வோல்ட். மாற்றுவதில் கொஞ்சம் சூடாகப் போகும். 5,000 எம்ஏஎச் போன் ஒன்றுக்கு ஒன்றரைத் தடவை ஏறினால் நல்ல பவர் பாங்க். சந்தையில் 50,000 என்று அச்சடித்துக் கைக்கடக்கமாக விற்பதை நம்பவேண்டாம். உண்மையாகவே அந்த அளவு என்றால் ஒரு கிலோவை நெருங்கும், விமானத்திலும் ஏறாது. படத்துக்குச் செலவழிக்கிறோம் என்று பவர் பாங்கில் மிச்சம் பிடிப்பதுதான் இந்தப் பரிசில் நடக்கிற பெரிய கெடுதல். படம் அடித்தே விற்கிற மலிவு வகைகளில் உள்ளே என்ன பற்றரி என்று கேட்டால் விற்பவருக்கே தெரியாது. தெரிந்த கடையில் உத்தரவாதத்தோடு வெறும் பவர் பாங்கை வாங்குங்கள், படத்தைத் தனியாகச் செய்யுங்கள்.

அப்படியானால் எதை எடுப்பது?

பவர் பாங்கின் ஆயுள், நன்றாகப் பாவித்தால், 300இலிருந்து 500 தடவை சார்ஜ். இரண்டு மூன்று வருடம் என்று வைத்துக்கொள்ளலாம். மோட்டார் சைக்கிள் சீட்டுக்குக் கீழே, வான் கண்ணாடிக்கு முன்னால் வெயிலில் வைத்தால் இன்னும் குறையும். படமோ ஐம்பது வருடம் தப்பிப் பிழைத்து வந்தது. இந்த இரண்டையும் பிரிக்கமுடியாமல் ஒட்டவைப்பது எனக்குக் கணக்காகப் படவில்லை. யூவி அச்சு வடிவாக இருந்தும் நான் ஸ்டிக்கரின் பக்கம் நிற்பது அதனால்தான்.

வயதானவருக்குக் கொடுப்பதென்றால் பவர் பாங்கையே மறுபரிசீலனை செய்யுங்கள். சி டைப் வயரைச் செருக, விளக்கு எத்தனை எரிகிறது என்று பார்க்க எல்லோருக்கும் பொறுமை இருக்காது. 12க்கு 18 அங்குலப் பிரேம் ஒன்று, நல்ல தாளில், அவர்களுக்குப் போதும். ஆனால் அதற்கு 600 டிபிஐ ஸ்கான் காணாது, மூலப்படத்தை 1,200இல் எடுக்கவேண்டும். திருத்த வேலையும் கூட, ஏனென்றால் அந்த அளவில் ஒவ்வொரு கீறலும் தெரியும். ஆகவே எதற்கும் முதலிலேயே 1,200இல் எடுத்து வைத்துவிடுவது புத்தி.

வெளிநாட்டிலிருந்து வந்து திரும்புகிறவர்களுக்குப் பவர் பாங்கைவிடப் போன் கவர் நல்லது. கண்ணாடி மாதிரித் தெரிகிற சாதாரணக் கவருக்குள் படத்தை அச்சடித்து வைத்தால் போதும், விமான நிலையத்தில் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், போன் மாறினால் படத்தை உருவி எடுக்கலாம். இங்கே தங்குகிற, பஸ்ஸில் ஓடுகிற, வயலில் நிற்கிற, கம்பஸுக்குப் போகிற பிள்ளைகளுக்குத்தான் பவர் பாங்க். அவர்களுக்கு அது உண்மையிலேயே வேலைக்கு உதவும்.

நாங்கள் கடைசியில் பெரியம்மாவுக்குப் பிரேம், இங்கிருக்கிற பேரப்பிள்ளைகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டிய பவர் பாங்க், லண்டன், ரொறன்ரோ, பாரிஸ்காரருக்குக் கவர் என்று பிரித்துக்கொண்டோம். திருத்திய கோப்பையும் திருத்தாத ஸ்கானையும் எல்லோருக்கும் அனுப்பியாயிற்று. மேலதிக ஸ்டிக்கர்களையும் அதே நேரத்தில் அடித்துவிட்டோம். பிறகு ஒன்றிரண்டுக்குப் போனால் கடையில் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்கள்.

பவர் பாங்க் கொடுக்கும்போது பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்: வயிறு ஊதத் தொடங்கினால் அதற்குப் பிறகு சார்ஜ் போடக்கூடாது, குத்திப் பார்க்கவும் கூடாது. ஸ்டிக்கரை மெதுவாக உரித்து எடுத்துவிட்டு, பற்றரியை வீட்டுக்கு வெளியே, எரியக்கூடிய எதுவும் பக்கத்தில் இல்லாத நிழலில் வையுங்கள். பிறகு பழைய போன், பற்றரி எடுக்கிற இடத்தில் கொடுங்கள். வளவுக்குள் குப்பை கூட்டிக் கொளுத்துகிற பழக்கம் எங்களுக்கு உண்டு, அந்தக் குவியலுக்குள் இது போகவே கூடாது.